ஆண்களுக்கு ஹீல்ஸும் பூட்ஸும்: கால் அளவெடுப்பதிலிருந்து ஐந்தடி நடைபாதையில் நடப்பது வரை

ஹீல்ஸ் அணிய விரும்பும் ஆண்கள் பலர் முதல் ஜோடியிலேயே பணத்தையும் காலையும் கெடுத்துக்கொள்கிறார்கள். உயரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், அளவைப் பார்ப்பதில்லை. வாங்கிய அன்றே வெளியே போட்டுக்கொண்டு போகிறார்கள். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி சரியாக முடிந்திருப்பதை நம்பித்தான் நிற்கிறது.

தேவையானவை: தையல் டேப், 30 செ.மீ. ஸ்கேல், ஏ4 தாள், பென்சில், கைப்பிடியற்ற நாற்காலி, கைப்பேசி கேமரா. மொத்தமாக ஒரு மாதப் பொறுமையும் வேண்டும்.

1. சிலர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்

நீரிழிவு உள்ளவர்கள், கணுக்காலில் பழைய முறிவோ அடிக்கடி சுளுக்கோ உள்ளவர்கள், பெருவிரல் மூட்டு புடைத்து வலிப்பவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியைக் குறைத்திருந்தால் காலணி கடித்துப் புண்ணானதே தெரியாது. ஆழமான பிறகுதான் கண்ணில் படும். நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு சாதாரணம் என்பது தெரிந்ததுதான், எனவே இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

2. காலை மில்லிமீட்டரில் அளங்கள்

மாலையில் அளங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், காலணி அந்தக் காலுக்குத்தான் பொருந்த வேண்டும். ஏ4 தாளைச் சுவரை ஒட்டித் தரையில் போட்டு, குதிகால் சுவரில் படும்படி முழு எடையோடு நின்று, மிக நீளமான விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குறியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் சுற்றி டேப்பால் முன்பாதச் சுற்றளவை எடுங்கள்.

எண்களில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஐரோப்பிய அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: கால் நீளத்தோடு 1.5 செ.மீ. கூட்டி, வரும் தொகையை 1.5-ஆல் பெருக்குங்கள். 26.5 செ.மீ. கால் என்றால் 28 × 1.5 = 42. ஷோப்பி, லஸாடா இணையச் சந்தைகளில் சீனாவிலிருந்து அனுப்பும் விற்பனையாளர்கள் பலர் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நீளத்தை இரண்டால் பெருக்கி 10 கழிப்பது. அதே கால் அங்கே 43. அமெரிக்க எண்ணில் பெண்கள் அளவு ஆண்கள் அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை கூடுதல். யூ.கே. எண் இருபாலருக்கும் பெயரளவில் ஒன்றேதான். ஆகவே எண்ணை நம்பாமல் "265 மி.மீ." என்று கேளுங்கள். மில்லிமீட்டர் அட்டவணை தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

நீளம் பொருந்தினாலும் அகலம் பொருந்தாமல் போகலாம். ஒரே நீளத்தில் ஆண் பாதம் பொதுவாக அகலமானது, பெண்கள் காலணியோ குறுகலான அச்சில் செய்யப்படுவது. இதற்கு வழி ஓர் அளவு பெரிதாக எடுத்து, மிச்ச இடத்தைக் குதிகாலுக்குப் பின்னால் ஒட்டும் குதிப்பட்டையாலும் முன்பாதத் திண்டாலும் நிரப்புவது. பெரியதைச் சுருக்கலாம், குறுகலான செயற்கைத் தோலை அகலப்படுத்தவே முடியாது. கூர்முனைக் காலணியில் விரல்கள் அந்தக் கூருக்குள் நுழையக் கூடாது. கூர் தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே கால் முழுதாக அடங்க வேண்டும். தொடக்கத்தில் உருண்டை முனையோ பாதாம் வடிவ முனையோ எடுங்கள்.

3. உங்கள் கால் தாங்கும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள்

வெறுங்காலோடு, சுவரை விரல் நுனியால் மட்டும் தொட்டபடி, முழங்காலை மடக்காமல் முன்பாதத்தில் எழும்புங்கள். நடுங்காமல் அரை நிமிடம் நிற்க முடிகிற உயரத்தில் குதிகாலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். தனியாக இருந்தால் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்திக் கைப்பேசியில் படமெடுங்கள். வந்த அளவிலிருந்து 2 செ.மீ. கழியுங்கள். இப்போதைக்கு அதுதான் உங்கள் உச்சம்.

கணுக்கால் மேலும் நீள மறுக்கும்போது உடல் முழங்காலை மடக்கிச் சமாளிக்கும். ஹீல்ஸில் புதியவர்கள் முட்டி மடங்கி, பின்புறம் தள்ளி நடப்பது இதனால்தான். இதைப் பழக்கக் குறைவு என்று நினைத்து மேலும் நடந்து பழகுகிறார்கள். உயரத்தைக் குறைப்பதே சரியான தீர்வு.

விளம்பரத்தில் உள்ள உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பாதத்துக்கு அடியில் பிளாட்ஃபார்ம் எனும் தடித்த அடிப்பாகம் இருந்தால் அதன் கனத்தைக் கழியுங்கள்: 13 செ.மீ. குதி, 4 செ.மீ. பிளாட்ஃபார்ம் என்றால் கால் உணரும் உயரம் 9 தான். ஆனால் கணுக்கால் தரையிலிருந்து அந்த 4 செ.மீ. கூடுதலாக எழும்பி நிற்பதால் சாய்ந்தால் சுளுக்கு பலமாக இருக்கும், தரையின் மேடு பள்ளமும் காலுக்குத் தெரியாது. முதல் ஆறு மாதம் 2 செ.மீ.க்கு மேல் பிளாட்ஃபார்ம் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆண்களுக்கு ஒரு சாதகமும் உண்டு: நீளமான காலில் அதே உயரம் குறைந்த சரிவையே தரும். 37 அளவுக் காலில் செங்குத்தாக நிற்கும் 8 செ.மீ., 43 அளவுக் காலில் மட்டாக இருக்கும்.

4. குதியின் வடிவத்தைப் படிப்படியாக மாற்றுங்கள்

முதல் ஜோடி 4 முதல் 5 செ.மீ. கியூபன் குதி, அதாவது கீழ்நோக்கிச் சற்றே குறுகும் தடித்த குதி. லத்தீன் நடனம் ஆடும் ஆண்களுக்கான சப்பாத்துகள் இந்தக் குதியோடு, ஆண் பாத அகலத்திலேயே வருகின்றன. வீட்டுக்குள் பழகுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அடிப்பாகம் மெருகற்ற தோல் என்பதால் நனைந்தால் கெட்டுவிடும், வெளியே கொண்டுபோகாதீர்கள். கியூபன் குதி வைத்த செல்சி பூட்ஸும் (பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த கணுக்கால் பூட்ஸ்) இதே படிதான்.

இரண்டாவது, 6 முதல் 7 செ.மீ. கட்டைக் குதி, அடிப்பரப்பு குறைந்தது 3 × 3 செ.மீ. மூன்றாவது, அதே கட்டைக் குதியில் 8 முதல் 9. ஸ்டிலெட்டோ எனும் ஊசிக் குதி அதற்குப் பிறகு. குதி தரையைத் தொடும் நொடியில் உடலின் எடை முழுவதும் அந்த முனையில் இறங்குகிறது. 75 கிலோ ஆளுக்கு 9 சதுர செ.மீ. கட்டைக் குதியில் அது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 8 கிலோ. 1 சதுர செ.மீ. ஸ்டிலெட்டோவில் முழு 75 கிலோ. கால் தள்ளாடுவது மட்டுமல்ல, வாடகை வீட்டு வினைல் தரையிலும் பள்ளம் விழும்.

அடிப்பாகமும் குதியும் ஒரே கட்டையாக இருக்கும் வெட்ஜ் பாதுகாப்பானது என்று பலர் முதலில் அதையே எடுக்கிறார்கள். சமதரையில் உண்மைதான். ஆனால் விளிம்பு ஒரு கல்லில் ஏறினால் காலணி மொத்தமாகப் புரளும், திருத்திக்கொள்ள இடம் தராது.

5. வாங்கும்போது நான்கு சோதனை

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், பினாங்கில் கொம்தார், பிராங்கின் மால் பக்கம் போவதென்றால் வேலைநாளில் போங்கள். கூட்டம் இருக்காது, உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். "மனைவிக்கு" என்று சொல்லாதீர்கள், சொன்னால் போட்டுப் பார்க்கவே முடியாது. "அக்கா, என் காலுக்குத்தான், 43 இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். பெண்கள் காலணியில் 41-க்கு மேல் பல கடைகளில் இருக்காது. அந்த ஒரு கேள்வி இரண்டு பேருடைய நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

காலணியை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிமுனை முழுவதும் தட்டையாகப் படிய வேண்டும்.

குதியின் மேற்புறத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஆடினால் வேண்டாம். கடையிலேயே ஆடுவது உங்கள் எடையில் கழன்றுவிடும்.

இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். முன்பாதம் மடங்கும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் உள்ளே உள்ள ஷேங்க் எனும் எஃகுத் தகடு மெலிந்தது அல்லது இல்லவே இல்லை. பெண்கள் காலணி உங்களைவிட எடை குறைந்தவரை எண்ணிச் செய்யப்பட்டது என்பதால், இந்தச் சோதனையில் தோற்றதை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கால் முன்னால் வழுக்கிக் குதிகாலுக்குப் பின் விரல் நுழையும் இடைவெளி வந்தால் பெரிது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குறுகல்.

இணையத்தில் வாங்கினால், 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்பே படித்துவிடுங்கள்.

6. போடுமுன் சப்பாத்தைத் தயார் செய்யுங்கள்

வழவழப்பான அடிப்பாகத்துக்குக் காலணி பழுதுபார்ப்பவரிடம் மெல்லிய ரப்பர் அரைத்தகடு ஒட்டச் சொல்லுங்கள். தோலோ கெட்டி பிளாஸ்டிக்கோ ஈரமான டைல்ஸில் நிற்காது. அடியிலேயே ரப்பர் இருந்தால், 80 எண் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்தாலே போதும். குதிமுனை கடினப் பிளாஸ்டிக் என்றால் ரப்பராக மாற்றச் சொல்லுங்கள். பிடிமானம் கூடும், அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தமும் குறையும்.

முன்பாதத் திண்டை வைக்கும் இடத்தில் தவறு அதிகம் நடக்கிறது. கால் முன்னால் வழுக்காமல் தடுக்கும் ஜெல் திண்டு முன்பாதத்துக்கு நேர் கீழே. ஆனால் மேடாக, துளி வடிவில் இருக்கும் திண்டு முன்பாதத்துக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும், எலும்புகளுக்கு அடியில் அல்ல. எலும்புக்கு அடியில் வைத்தால் வலி கூடும்.

7. நின்று, பிறகு நடந்து

முதல் நாள் நடக்கவே வேண்டாம். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்று, எடையைக் குதிகாலுக்கு மாற்றி, மீண்டும் முன்பாதத்துக்குக் கொண்டுவாருங்கள். புதியவர்கள் விழுந்துவிடும் பயத்தில் முன்னால் சாய்ந்து முன்பாதத்தில் மட்டும் நிற்பார்கள், அரைமணியில் எரிச்சல் வந்துவிடும். குதி ஓர் ஆதாரம், அதன்மேல் நிற்கலாம் என்பதைக் கால் முதலில் நம்ப வேண்டும்.

அடுத்த நாள் முதல் வெறும் டைல்ஸ் தரையில் தினம் 15 நிமிடம் நடங்கள். மெத்தை விரிப்பில் குதி அமிழும் என்பதால் அது பழகும் இடமல்ல. ஒவ்வொரு காலடியின் நீளமும் வழக்கத்தில் முக்கால் பங்குதான் இருக்க வேண்டும். குதி முதலில், முன்பாதம் உடனே அடுத்து. கால்களை ஒரே கோட்டில் வைக்காமல் இரண்டு தண்டவாளத்தில் போவதுபோல வையுங்கள். பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால். பாதத்தைப் பார்த்தால் தோள் கவிழும், எடை முன்னால் போகும்.

பக்கவாட்டில் கைப்பேசியை வைத்துப் படமெடுத்துப் பாருங்கள். கால் தரையில் பதியும்போது முட்டி மடங்கியிருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பி உயரத்தைக் குறையுங்கள். கையில் பையோடு, தொலைபேசியில் பேசிக்கொண்டே, கீழே பாராமல் வீட்டைச் சுற்ற முடிந்தால் அடுத்த உயரத்துக்குப் போகலாம்.

ஒவ்வொரு முறையும் கழற்றியவுடன் சுவரில் கை ஊன்றி, பின்காலை நீட்டிக் கெண்டைக்கால் தசையை 30 வினாடி இழுங்கள், காலுக்கு மூன்று முறை. பிறகு அதே நிலையில் பின்முட்டியைச் சற்று மடக்கி இன்னொரு சுற்று. ஹீல்ஸில் அந்தத் தசை சுருங்கிய நிலையிலேயே வேலை செய்கிறது. இழுத்துவிடாமல் பழகினால் வெறுங்காலில் நடப்பதே சிரமமாகும்.

8. வலி எங்கே என்பதைக் கவனியுங்கள்

முன்பாதத்தில் எரிச்சல்: உயரம் அதிகம், அல்லது கால் முன்னால் வழுக்குகிறது. மூன்றாம் நான்காம் விரல் மரத்துப்போதல்: முன்பகுதி குறுகல். விரல்களுக்கு இடையே ஓடும் நரம்பு நசுங்குகிறது, அன்றே நிறுத்துங்கள், "பழகிவிடும்" என்று விடக் கூடாது. குதிகாலின் பின்புறம் கொப்புளம்: காலணி தளர்ந்து உரசுகிறது, குதிப்பட்டை ஒட்டுங்கள். முழங்காலின் முன்புறம் வலி: முட்டி மடக்கி நடக்கிறீர்கள். கெண்டைக்கால் இறுக்கம் மட்டுமே முதல் வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியது.

சுளுக்கினால் உடனே கழற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல். நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பில் அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

9. படி, மின்படி, ஐந்தடி

ஏறும்போது முன்பாதம் முழுவதும் படியில் இருக்கட்டும், குதி வெளியே நின்றாலும் பரவாயில்லை. இறங்கும்போது அப்படி முடியாது: உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைப்பிடியைப் பிடித்து, குதியும் சேர்ந்து படியில் பதியும்படி இறங்குங்கள். மின்படிக்கட்டின் வரிப்பள்ளத்தில் மெல்லிய குதி மாட்டிக்கொள்ளும், எடையை முன்பாதத்தில் வைத்து நில்லுங்கள். பத்துமலையின் 272 படிகள் பழகும் இடமல்ல.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் ஐந்தடிகளில், அதாவது கடை வரிசையின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதைகளில், கடைக்குக் கடை தரை மட்டமும் டைல்ஸும் மாறும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் நுழையும் இடத்தில் உள்ள அந்தச் சிறு உயர வித்தியாசத்தில்தான் கால் பிசகும். மழைக்குப் பின் மெருகு டைல்ஸில் நடக்காதீர்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதைகளில் பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் புடைப்புக் கற்களின் மேல் குதி நிலைக்காது. அந்த வழியை அவர்களுக்கு விட்டு ஓரமாக நடப்பதே முறையும்கூட. சாக்கடை மூடிகளின் கம்பி இடுக்கில் ஸ்டிலெட்டோ நேராக இறங்கும். முன்பாதத்தால் தாண்டுங்கள் அல்லது சுற்றிப் போங்கள்.

முதல் வெளிநடை பேரங்காடிக்குள் இருக்கட்டும்: சமதரை, உட்கார இடம், மழையில்லை. பையில் தட்டைச் செருப்பு ஒன்று எப்போதும் வேண்டும். ஹீல்ஸோடு கார் ஓட்டாதீர்கள், குதி தரை விரிப்பில் மாட்டினால் பிரேக்குக்குக் கால் போகாது. மோட்டார் சைக்கிளிலும் அப்படியே, கியர் மாற்றும்போது மாட்டும்.

முஸ்லிம் வாசகர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மலேசியக் கூட்டரசுப் பிரதேசங்களின் 1997ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டம், 28ஆம் பிரிவு, பொது இடத்தில் ஆண் ஒருவர் பெண்ணுடை அணிந்து ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகப் பெண்ணாகப் பாவனை செய்வதைக் குற்றமாக்குகிறது. 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.

10. பூட்ஸ்

ஆண்களுக்கு உயரக் குதியின் எளிய வடிவம் கணுக்கால் பூட்ஸ்தான். கணுக்காலைச் சுற்றிப் பிடிப்பதால் குதிகால் நழுவாது, அகலமும் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். தடை வருவது புறங்கால் மேட்டில். அது உயர்ந்த காலுக்கு ஜிப் பாதியில் நிற்கும். இழுத்து மூடினால் ஜிப் கணுக்கால் வளைவில்தான் முதலில் பிரியும், மாற்றுவதற்குப் பூட்ஸைப் பிரித்துத் தைக்க வேண்டிவரும். உட்புறம் முழுநீள ஜிப் உள்ளதை எடுங்கள். வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் நாளுக்குப் பலமுறை கழற்றும் ஊர் இது. கயிறு கட்டும் பூட்ஸோடு வாசலில் நிற்பது உங்களுக்கும் பின்னால் வருபவருக்கும் தொல்லை.

முழங்கால் உயரப் பூட்ஸுக்குக் கெண்டைக்கால் சுற்றளவு முக்கியம். பெண்கள் பூட்ஸின் சுற்று பெரும்பாலும் 36 முதல் 38 செ.மீ., ஆணின் கால் அதைத் தாண்டுவது சாதாரணம். உட்கார்ந்து ஒருமுறை, முன்பாதத்தில் எழும்பி நின்று ஒருமுறை அளங்கள். குதி உயரும்போது தசை திரண்டு அளவு கூடும். பெரிய எண்ணோடு 1 முதல் 2 செ.மீ. சேர்த்துத் தேடுங்கள். ஓரிரு செ.மீ. போதாத தோல் பூட்ஸில் பின்புறம் எலாஸ்டிக் பட்டை சேர்த்துத் தைக்கச் சொல்லலாம்.

கௌபாய் வகை பூட்ஸில் ஜிப் இல்லை. புறங்காலைத் தாண்டும்போது ஒரு சிறு அழுத்தத்தோடு கால் உள்ளே விழ வேண்டும். புதிதில் குதிகால் அரை செ.மீ. எழும்புவது இயல்பு, அடித்தோல் வளையத் தொடங்கியதும் நிற்கும். இதைத் தெரியாமல் சிறிய அளவுக்கு மாற்றி விரலைக் கெடுத்துக்கொள்வோர் உண்டு.

11. உடை

கால்சட்டையின் நீளத்தைத் தையல்காரரிடம் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே குறியுங்கள், பின்விளிம்பு தரையிலிருந்து 1 செ.மீ. மேலே இருக்கட்டும். வேட்டியோடு அணிந்தால் கரை கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி கட்டுங்கள், இறங்கும்போது குதியில் சிக்காது.

12. வியர்வை, மழை, பூஞ்சை

ஈரக் காற்று நம் ஊரில் காலணியின் முதல் எதிரி. ஒருநாள் போட்டதை மறுநாள் போடாதீர்கள். பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில், மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். வெயிலில் வைத்தால் பசை இளகும், தோல் வெடிக்கும். மெல்லிய காலுறை இல்லாமல் பூட்ஸ் போட வேண்டாம், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்.

பெட்டியில் பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்பது தவறு. பாலியூரித்தேன் (பி.யு.) அடிப்பாகம் காற்றின் ஈரத்தால் தானாகவே சிதைகிறது. சில ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தது முதல் நடையிலேயே பொடிந்து உதிரும். பி.யு. செயற்கைத் தோலின் மேற்பூச்சும் இப்படித்தான் உரியும். நீண்டநாள் வைத்திருக்க நினைப்பதை உண்மைத் தோலிலும் ரப்பர் அடியிலும் வாங்குங்கள். துணிப்பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காற்றோட்டமுள்ள தட்டில் வையுங்கள். நீளமான பூட்ஸுக்குள் சுருட்டிய மாத இதழ் ஒன்றை நிறுத்துங்கள், மடங்கிய இடத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

குதிமுனை ரப்பரை மாதம் ஒருமுறை பாருங்கள். உலோக ஆணி தெரியத் தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும். ஆணி தரையைத் தொட்டால் டைல்ஸில் வழுக்கும், குதியின் உள்துளையும் விரிந்து புது முனை நிற்காமல் போகும். ஒரு பக்கமே தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறீர்கள். புது முனை போட்ட கையோடு கண்ணாடி முன் இரண்டு நாள் நடந்து திருத்துங்கள்.